ஊறலும் மெத்தனாலும்

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைப் பக்கமாகக் கல்வராயன் மலைக்கு ஏறலாம். மலையில் போலீஸார் சாராய ஊறலைக் கொட்டி அழித்த செய்தி அடிக்கடி வரும். கவிழ்ந்த பேரல் படம்கூட ஏறக்குறைய ஒன்றேதான். வெல்லமும் வேலம்பட்டையும் ஊறிய அந்தச் சரக்குக்கு யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம். ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது, பெயின்ட், பசைத் தொழில்களுக்குப் போகவேண்டிய மெத்தனால். அது எந்த லாரியில் வந்தது என்பதை மலையடிவாரத்தில் நின்று பிடிக்க முடியாது. கருணாபுரம் ஒன்றும் காடல்ல. காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரம். மெத்தனாலுக்கு நிறமில்லை, குடிக்கிறவருக்கு வித்தியாசமும் தெரியாது. கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாக்கி, பிறகு ஃபார்மிக் அமிலமாக்குகிறது. அமிலம் பார்வை நரம்பைத் தின்கிறது. இதற்குப் பல மணி நேரம் ஆகும். அந்த இடைவெளிதான் கொடுமை. வயிற்றுவலி என்று வீட்டிலேயே படுத்தவர்கள் உண்டு. துக்கத்துக்கு வந்த இடத்தில் அதே பாக்கெட் சாராயத்தைக் குடித்தவர்களும் உண்டு. போதாததற்கு, முதல் சாவுகளுக்குச் சாராயம் காரணமல்ல என்று மாவட்ட நிர்வாகமே சொல்லிவைத்தது. இத்தனைக்கும் முந்தைய ஆண்டு மே மாதம்தான் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அது ஆலை மெத்தனால் என்று காவல்துறைத் தலைவரே அன்று சொன்னார். கருணாபுரத்துக்குப் பிறகு சட்டம் திருத்தப்பட்டது: கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் சிறை, 10 லட்சத்துக்குக் குறையாத அபராதம். வழக்கை 2024 நவம்பரில் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.யிடம் கொடுத்துவிட்டது.