ஆடுகளத்திலும் ஆண்டான் அடிமையா?

தமிழகப் பள்ளிகளுக்கிடையே ஆண்டுதோறும் குடியரசு நாள் போட்டிகள் என்றும் பாரதியார் நாள் போட்டிகள் என்றும் விளையாட்டுகள் நடத்தப்பெறுகின்றன. குறுவட்டத்தில் வென்றோர் மாவட்டத்திற்கும், மாவட்டத்தில் வென்றோர் மாநிலத்திற்கும் செல்வர். இப்போட்டிகளின் நிரலில் அகவைக்குப் பிரிவு உண்டு. பதினான்கு, பதினேழு, பத்தொன்பது என மூன்று படிகள். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு. மற்போரிலும் குத்துச்சண்டையிலும் உடலின் எடைக்குங்கூடப் பிரிவு உண்டு. ஐம்பது கிலோ எடையுள்ள சிறுவனை எண்பது கிலோ எடையுள்ளவனோடு மோதவிடுவது கொடுமை என்பதை எல்லாரும் ஒப்புகின்றனர். ஆனால், பள்ளியின் எடைக்கு மட்டும் பிரிவு இல்லை!

பள்ளிக்கு எடை உண்டா எனின், உண்டு. ஒருபுறம், விடுதியும் பயிற்சியாளரும் ஊட்டமிக்க உணவும் மரத்தளமிட்ட உள்ளரங்கமும் நீச்சற் குளமும் உடைய தனியார் பள்ளி. மறுபுறம், முட்செடி மண்டிய ஒரு திடலும் காற்றிறங்கிய இரண்டு பந்துகளும் உடைய அரசுப் பள்ளி. அங்குக் காலணி அணிந்து ஓடுகின்றவன். இங்கு வெறுங்காலால் ஓடுகின்றவன். இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி ஊதலை ஊதிவிட்டு, "களம் அனைவர்க்கும் பொது" என்று கூறுவது எத்தகைய நடுவுநிலைமை?

உடற்கல்வி ஆசிரியரின் நிலையை மட்டும் எடுத்துக் கொள்வோர்க்கே உண்மை விளங்கும். 2012-இல் தமிழக அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், இசை, தையல், கணினி முதலியவற்றிற்கென 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். கிழமைக்கு மூன்று அரைநாள் வேலை. திங்களுக்கு 5,000 உருபா ஊதியம். அவ்வூதியம் சிறுகச் சிறுக உயர்ந்து 2024-இல் 12,500 ஆயிற்று. நிலைப்பணி கேட்டு அவர்கள் தெருவில் அமர்ந்த நாள்கள் பல. கிழமைக்கு மூன்று அரைநாள் மட்டும் பள்ளிக்கு வரும் ஒருவர் எந்த அணியை உருவாக்குவார்? காலையும் மாலையும் இடைவிடாது பயிற்றினாலன்றி ஓர் ஓட்டக்காரனின் கால் உறுதிப்படாது. அரைநாள் வேலைக்குக் கூலி கொடுத்துவிட்டு முழு வெற்றியை எதிர்பார்ப்பது, விதைக்காமலே அறுக்கப் போவதாகும். அந்நிலையிலும் தம் கைக்காசில் பந்து வாங்கி, விடுமுறை நாளிலும் பிள்ளைகளை ஓடவிடும் ஆசிரியர்கள் உள்ளனர். அவர்களால்தான் அரசுப் பள்ளியின் பெயர் இன்னும் களத்தில் ஒலிக்கின்றது.

இங்கு ஒன்று சொல்லியாதல் வேண்டும். தனியார் பள்ளிகள் யாவும் களம் உடையன அல்ல. 2004-இல் வகுக்கப்பட்ட நெறியின்படி மாநகராட்சிப் பகுதியில் ஒரு தனியார் பள்ளிக்கு ஆறு மனை நிலம் இருந்தாற் போதும். ஆறு மனை என்பது 14,400 சதுர அடி. ஓர் ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. அதில் கட்டடம் போக எஞ்சுவது முற்றம்; ஆடுகளமன்று. 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டமோ ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்கின்றது. ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டி, ஆங்கிலப் பெயர்ப்பலகையைக் கண்டு மயங்கித் தம் மக்களைச் சேர்க்கும் பெற்றோர், அம்மக்கள் ஓடுவதற்கு ஒரு முழம் மண்ணேனும் உண்டா என்று கேட்பதில்லை! ஆதலின் இங்குச் சுட்டப்படுவது எல்லாத் தனியார் பள்ளிகளும் அல்ல. வெற்றியை விளம்பரமாக்கி, அவ்விளம்பரத்தைச் சேர்க்கைக் கட்டணமாக்கும் பெருமுதலாளிப் பள்ளிகளே.

அவை செய்யும் மற்றொரு செயல் இன்னும் நுட்பமானது. சிற்றூர் அரசுப் பள்ளியில் ஒரு சிறுவன் கைப்பந்திலோ சடுகுடுவிலோ மாவட்ட அளவில் கண்ணிற்பட்டானாயின், அடுத்த ஆண்டே அவன் வேறொரு பள்ளியின் சீருடையில் வந்து நிற்பான். கட்டணம் இல்லை, உணவு இலவயம், காலணி இலவயம் என்று அவனை அழைத்துச் செல்கின்றனர். அச்சிறுவனைக் குறை கூறுதல் பொருந்தாது. பசித்த வயிறு சோற்றைத்தான் தேடும். அவன் பெற்றோரும் வேறென்ன செய்வர்? குறை அவனைக் கொண்டுபோனவர்களுடையது. ஆறாம் வகுப்பிலிருந்து அவனை வளர்த்த ஆசிரியரின் உழைப்பு ஒரே நாளில் களவு போகின்றது. அவன் பெற்ற கோப்பை எவருடைய வரவேற்பறையில் நிற்கின்றதோ, அவரே அவனை உருவாக்கியவராகின்றார். அவன் விட்டுவந்த அணியோ குலைகின்றது. எஞ்சிய பதினொருவரும் தம் பள்ளியின் பெயரால் இனி வெல்ல இயலாது என்று உள்ளம் ஒடிகின்றனர்.

கோப்பை போனால் போகட்டும் என்று இதனைத் தள்ளிவிடவும் இயலாது. கோப்பையோடு வருவது சான்றிதழ். அச்சான்றிதழைக் கொண்டே பொறியியற் சேர்க்கையில் விளையாட்டுப் பிரிவின் 500 இடங்கள் நிரப்பப்படுகின்றன; அரசுப் பணிகளில் 3 விழுக்காடு விளையாட்டு வீரர்க்கு ஒதுக்கப்பட்டுள்ளது. சடுகுடுவிலும் ஓட்டத்திலும் ஊர்தோறும் அணிகள் உள்ளமையால், ஒரு பதக்கத்திற்கு நூற்றுக்கணக்கானோரை வெல்ல வேண்டும். சுவர்ப்பந்து, வாள்வீச்சு, நீச்சல், சுடுதல் ஆகியவற்றிலோ கருவி வாங்கப் பொருளுடையோர் மட்டுமே களமிறங்குவர். எதிரிகள் ஒரு சிலரே. அரசுப் பள்ளிப் பிள்ளை அவ்வாளைக் கண்ணாற்கூடக் கண்டிருக்க மாட்டான். ஆயினும் இருவகைப் பதக்கமும் சான்றிதழில் பதக்கமே. பொருள் கொடுத்து எதிரியின் தொகையைக் குறைத்துக் கொள்ளும் வழி இது!

இவ்வாறு கூறியவுடன், "மாரியப்பன் வெல்லவில்லையா? கண்ணகி நகர்க் கார்த்திகா வெல்லவில்லையா?" என்று கேட்போர் உளர். வென்றனர். சேலம் மாவட்டப் பெரியவடகம்பட்டியில் ஐந்து அகவையில் பேருந்தேறிக் கால் சிதைந்த மாரியப்பன், 2016-இல் இரியோ நகரில் மாற்றுத்திறனாளர்க்கான உலகப் போட்டியில் உயரத் தாண்டிப் பொன் வென்றார். சென்னையின் குடிசைகளிலிருந்து பெயர்த்தெறியப்பட்ட மக்கள் வாழும் கண்ணகி நகரிலிருந்து சென்ற கார்த்திகா, 2025-இல் பகுரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் சடுகுடுப் பொன் வென்ற அணியில் ஆடினார். அவர்தம் வெற்றி அவர்தம் உரமே. அதனை எடுத்துக்காட்டிக் களம் நேரானது என்று வாதிடுவது, புயலில் தப்பிய ஒரு தோணியைக் காட்டிக் கடலில் புயலே இல்லை என்பது போன்றதாம்.

இச்சிக்கல் தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. முதலாளியத்தின் தாயகமாகிய அமெரிக்காவிலேயே இது நெடுநாள் வழக்கு. அலபாமா மாநிலம் 1999-இல் ஒரு நெறி வகுத்தது. தனியார் பள்ளியின் மாணவர் தொகையை 1.35-ஆற் பெருக்கிக் கணக்கிட வேண்டும். நூறு பேர் படித்தால் நூற்று முப்பத்தைந்து பேர் எனக் கொண்டு, அப்பள்ளியைப் பெரிய பள்ளிகளோடு மோதவிட வேண்டும் என்பது அந்நெறி. இல்லினாய் மாநிலம் 2005-இல் அதனை 1.65 ஆக்கிற்று. தென்னசி மாநிலமோ, விளையாட்டு மாணவர்க்குப் பொருளுதவி தரும் தனியார் பள்ளிகளை 1997-இல் தனிப்பிரிவாகவே பிரித்து வைத்தது. அதே மாநிலத்தில் பிரெண்டுவுட்டு என்னும் தனியார் பள்ளி, இன்னும் தன்னிடம் படிக்கத் தொடங்காத எட்டாம் வகுப்புச் சிறுவர்களைப் பந்தாட்டப் பயிற்சிக்கு வரச்சொல்லி மடல் விடுத்தது. அதற்காக அப்பள்ளிக்கு 3,000 தாலர் தண்டம் விதிக்கப்பட்டது. வழக்கு நாட்டின் உச்ச முறைமன்றம் வரை இருமுறை சென்றது. 2007-இல் அம்மன்றம் பள்ளி விளையாட்டுக் கழகத்தின் நெறியே செல்லும் என்று தீர்த்தது. ஒரு மடல் எழுதியதற்கு அங்குத் தண்டம்! பிள்ளையையே தூக்கிச் செல்வோர்க்கு இங்கு மேடையில் பொன்னாடை!

தமிழகத்திற்கும் இந்நெறி புதிதன்று. 2017-இல் 'நீட்டு' என்னும் நுழைவுத் தேர்வு தமிழ்ப் பிள்ளைகளின் தலையில் ஏற்றப்பட்டபின், மருத்துவக் கல்லூரி வாயில் அரசுப் பள்ளி மாணவர்க்கு ஏறக்குறைய அடைபட்டது. அதனைக் கண்டு 2020-இல் 7.5 விழுக்காட்டு உள்ளொதுக்கீடு சட்டமாயிற்று. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிற் பயின்றோர்க்கே அது உரியது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. இருவகைப் பள்ளிகளும் ஒருநிகரல்ல என்பதை அரசே சட்டத்தில் எழுதி ஒப்பமிட்ட பின்னர், ஆடுகளத்தில் மட்டும் அவை ஒருநிகர் ஆனது எவ்வாறு?

தில்லியின் திருவிளையாடல் இதனினும் பெரிது. அனைத்திந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பில் தமிழகம் ஓர் உறுப்பு. 37,000-க்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகளும், உதவி பெறும் பள்ளிகளும், மாநிலப் பாடத்திட்டத் தனியார் பள்ளிகளும் சேர்ந்து அவ்வோர் உறுப்பு. நடுவண் பாடத்திட்டப் பள்ளிகள் தனி உறுப்பு. நூறு பள்ளிகளைக்கூட எட்டாத செல்வர்தம் விடுதிப் பள்ளிகளின் கூட்டவை தனி உறுப்பு. ஆரியக் கொள்கை பரப்பும் வித்தியா பாரதி தனி உறுப்பு. ஒரு முழு மாநிலத்து ஏழைப் பிள்ளைகளும் முட்டிமோதி ஒரே வாயிலில் நுழைய வேண்டும். இவர்களுக்கோ ஆளுக்கொரு வாயில்!

பெயரிலும் அதே ஆண்டான்மை. 2024 தைத் திங்களில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய ஊர்களில் நடந்த இளையோர் போட்டிக்குப் பெயர் 'கேலோ இந்தியா'. தமிழ் மண்ணில், வேலுநாச்சியாரைச் சின்னமாக வைத்து, சிலம்பத்தைக் காட்சி ஆட்டமாக வைத்து, பெயர் மட்டும் இந்தியில்! 38 பொன் வென்று இரண்டாமிடம் பெற்ற தமிழ்ப் பிள்ளைகள், தம் மொழியில் ஒரு பெயரைக்கூட அப்போட்டியின் முகப்பிற் காணவில்லை.

செய்ய வேண்டுவது கடினமன்று. குறுவட்ட அளவில் அரசுப் பள்ளிகளும் உதவி பெறும் பள்ளிகளும் ஒரு பிரிவாகவும் கட்டணப் பள்ளிகள் மற்றொரு பிரிவாகவும் ஆடட்டும். இரு பிரிவிலும் வென்றோர் மாவட்டத்திற்குச் செல்லட்டும். பள்ளி மாறிய மாணவன் புதிய பள்ளிக்காக ஓராண்டு ஆடலாகாது என்று நெறி வகுத்தால் கவர்தல் பெரிதும் நிற்கும். வீடு மாறியதால் பள்ளி மாறியோர்க்கு விலக்களிக்கலாம். அணிகள் அருகிய ஆட்டங்களின் சான்றிதழில், எத்தனை பள்ளிகளை வென்று பெற்ற பதக்கம் என்பதையும் எழுதட்டும். எல்லாவற்றினும் முதலாக, அரைநாள் ஆசிரியர் முழுநாள் ஆசிரியராதல் வேண்டும். இதற்குப் பணமில்லை என்னும் பேச்சு, அரங்க வண்ண விளக்குகளுக்குக் கோடிகள் கொட்டும் அரசின் வாயில் வரலாகாது.

ஆண்டுதோறும் போட்டி நிரல் வரையப்படுமுன் உடற்கல்வி ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் கூடுகின்றனர். அக்கூட்டத்தில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்கள் இக்கோரிக்கையை எழுத்தாகக் கொடுப்பாராயின், மறுக்கும் மாவட்டக் கல்வி அலுவலர் தம் மறுப்பிற்குரிய கரணியத்தையும் எழுத்தாகவே தரவேண்டி வரும். ஒரு மாவட்டத்திலேனும் அவ்வெழுத்து வெளிவரட்டும்.