டாக்டர் கையை விரித்த பிறகும் வைத்தியம் உண்டு



இந்த நல்வாழ்வுப் பகுதியில் இனிப்புநீர், இரத்தக்கொதிப்பு, காசம் என்று நோய் வராமல் காத்துக்கொள்ளும் வழிகளைத்தான் வழக்கமாக எழுதுகிறோம். இம்முறை பலரும் பேசத் தயங்கும் ஒரு விஷயத்துக்கு வருகிறோம். இனிக் குணமாகாது என்று தெரிந்துவிட்ட நோயாளியை வீட்டில் வைத்து எப்படிப் பார்த்துக்கொள்வது? "அபசகுனமா பேசாதீங்க" என்று தாளைத் திருப்பிவிடாதீர்கள். இன்று இல்லாவிட்டாலும் ஒரு நாள் எல்லார் வீட்டுக்கும் வரக்கூடிய கேள்வி இது.

நான் சிறுவனாக லயத்தில் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய். "இனிமே ஒண்ணும் செய்ய முடியாது, வீட்டுக்குக் கொண்டு போங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ராத்திரியானால் அவர் முனகுவது பத்து வாசலுக்கும் கேட்கும். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிற பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள். கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் இருந்தது. துணி அலசிப் போட ஆள் இருந்தது. வலிக்குத்தான் மருந்து இல்லை. தலையெழுத்து என்று எல்லாரும் நம்பினோம்.

அது தலையெழுத்து அல்ல. இந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஈப்போவில் பேராக் பேலியேட்டிவ் கேர் சொசைட்டி என்று ஓர் அறநிறுவனம் இருக்கிறது. குணப்படுத்த முடியாத நோயில் இருப்பவர்களை, அவரவர் வீட்டிலேயே போய்ப் பார்த்துக் கவனிக்கிற அமைப்பு. கட்டணம் வாங்குவதில்லை. பொதுமக்களின் நன்கொடையில் நடக்கிறது. இந்த மாதிரிப் பராமரிப்பைத்தான் 'ஹோஸ்பிஸ்' என்கிறார்கள். நம்மவர்களுக்கு அந்தப் பேரைக் கேட்டாலே பயம். சாகப்போகிறவர்களைக் கொண்டுபோய்ப் போடுகிற இடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே நோயாளி எங்கேயும் போவதில்லை. தன் கட்டிலில், தன் பேரப்பிள்ளைகள் நடமாடுகிற வீட்டில்தான் இருக்கிறார். நர்ஸ்தான் வாசல் தேடி வருகிறார்.

வந்து என்ன செய்வார்? முதலில் உட்கார்ந்து பேசுவார். எங்கே வலி, எப்போது கூடுகிறது, தூக்கம் வருகிறதா, மலம் போகிறதா என்று கேட்பார். டாக்டரோடு கலந்து மருந்தைச் சரிப்படுத்துவார். புண்ணை நாற்றம் இல்லாமல் கழுவிக் கட்டுவது எப்படி, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது எப்படி, வாய் வறண்டால் ஈரத்துணியால் நனைப்பது எப்படி என்று வீட்டாருக்குக் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுப்பார். கட்டில், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் கருவி போன்றவற்றை இரவல் கொடுக்கிற ஹோஸ்பிஸ் அமைப்புகளும் உண்டு. நோயாளி இறந்துவிட்டால் அதோடு கணக்கை முடித்துவிட மாட்டார்கள். தனித்துப்போன மனைவியையோ பிள்ளையையோ விசாரிப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான்.

இது இன்று முளைத்த யோசனை அல்ல. நர்ஸாக இருந்து பிறகு டாக்டரான சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் 1967-இல் லண்டனில் செயிண்ட் கிறிஸ்டோபர் ஹோஸ்பிஸைத் தொடங்கினார். வலி உடம்பில் மட்டும் இல்லை, மனசிலும் குடும்பத்திலும் காசு பணத்திலும் இருக்கிறது என்று சொன்னவர் அவர். நம் நாட்டில் 1991-இல் கோலாலம்பூரில் ஹோஸ்பிஸ் மலேசியா தொடங்கியது. 1995-இல் கோத்தா கினபாலு அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஒரு பிரிவு திறந்தார்கள்.

இனி மார்ஃபின் விஷயம். "அது அபின்ல இருந்து எடுக்கிறது, கொடுத்தா பழக்கமாயிடும், சீக்கிரம் போயிடுவாங்க" என்று சொல்லி, எழுதிக் கொடுத்த மருந்தை அலமாரியிலேயே வைத்துவிடுகிற குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அபினிலிருந்து வந்தது என்பது உண்மை. மற்றது தவறு. கடும் வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் மார்ஃபின் உயிரைக் குறைப்பதில்லை. போதைக்கு அடிமையாவதும் அரிது. தண்ணீர் மருந்தாக இருந்தால் பெரும்பாலும் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுப்பார்கள். வலி வந்த பிறகு கொடுப்பதல்ல முறை, வலி திரும்பி வருவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கலாம், போகப் போகக் குறையும். மலச்சிக்கல் மட்டும் விடாது. ஆகவே அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்குங்கள். நீங்களாக அளவைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதில் யாருக்கும் புண்ணியம் இல்லை.

இன்னொன்று. இந்தக் கவனிப்பு புற்றுநோய்க்கு மட்டும் அல்ல. சிறுநீரகம் பழுதானவர், இருதயம் தளர்ந்தவர், மூச்சுக்குத் திணறுகிறவர் எல்லாருக்கும் பொருந்தும். கடைசி வாரம் வரை காத்திருக்கவும் வேண்டாம். வைத்தியம் நடந்துகொண்டிருக்கும்போதே வலி தணிப்பையும் சேர்த்துச் செய்யலாம். உங்களைப் பார்க்கிற டாக்டரிடம், "பேலியேட்டிவ் பிரிவுக்குக் கடிதம் கொடுங்க ஐயா" என்று வாய் திறந்து கேளுங்கள். வீட்டுக்கு வருகிற அமைப்பானால் எந்த ஊர் வரைக்கும் வருவார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோயாளியிடம் மறைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். "அப்பாவுக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சிடுவாரு" என்கிறோம். அவருக்குத் தெரியாதா? தன் உடம்பு இளைப்பதை அவர்தானே முதலில் பார்க்கிறார்! நாம் நடிப்பதைப் பார்த்து அவரும் நடிக்கிறார். கடைசியில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே ஒருவர் போய்விடுகிறார். மகளுக்கு நகையை எடுத்து வைத்ததோ, தம்பியோடு இருந்த பழைய மனஸ்தாபமோ உள்ளேயே புதைந்துவிடுகிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டு உடைக்க வேண்டியதில்லை. அவர் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். அது போதும்.

தோழர்களே, பேராக்கில் நாம் எப்படி இருந்தோம், இப்போது எப்படி இருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். பால்மரக் காடுகள் செம்பனையாயின, சில தாமான்களாயின. லயங்கள் போயின. ஒரு வீட்டில் நோவு என்றால் ஒரு வரிசையே எழுந்து வந்த காலம் போய்விட்டது. சுங்கை சிப்புட்டிலோ பத்து காஜாவிலோ ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் படுத்திருக்கிற கிழவரைக் கீழே இறக்கக்கூட நான்கு பேர் கிடைப்பதில்லை. பார்த்துக்கொள்கிற பாரம் ஒரே ஒரு பெண்ணின் தலையில் விழுகிறது. அது மனைவி, இல்லையென்றால் மகள், மருமகள். அவள் வேலைக்குப் போனால் நோயாளி தனியாகக் கிடப்பார். போகாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை.

அறநிறுவனத்து நர்ஸ் வாரத்தில் சில மணி நேரம் வருவார். மற்ற நேரத்துக்கு யார்? சட்டப்படி மருத்துவ விடுப்பு தொழிலாளியின் சொந்த நோய்க்குத்தான். சாகக் கிடக்கிற தாயைப் பார்க்க என்று தனி விடுப்பு கிடையாது. கூட்டு ஒப்பந்தம் பேசும்போது சம்பளத்தோடு இந்த விடுப்பையும் மேசையில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. தேசிய பேலியேட்டிவ் பராமரிப்புக் கொள்கை 2019 முதல் 2030 வரைக்கும் என்று அரசாங்கமே திட்டம் போட்டிருக்கிறது. திட்டம் ஈப்போ நகரத்தோடு நின்றுவிடாமல் தோட்டப்புறத்துக் கிளினிக் வரைக்கும் வரவேண்டும் என்று கேட்பது பிச்சை அல்ல, உரிமை. நல்ல மனிதர்களின் நன்கொடையை நம்பி எத்தனை காலம் ஓட்ட முடியும்?

கேட்டு வாங்க வேண்டியவை இன்னும் சில உண்டு. வேலை செய்ய முடியாமல் போன சொக்சோ சந்தாதாரருக்குத் தகுதி இருந்தால் இயலாமை ஓய்வூதியம் உண்டு. ஊழியர் சேமநிதியிலும் இயலாமைக்காகப் பணம் எடுக்க வழி உண்டு. படுத்த படுக்கையான நோயாளியைப் பராமரிக்கும் ஏழைக் குடும்பத்துக்குச் சமூகநல இலாகா உதவித்தொகை இருக்கிறது. பாரம் எழுதத் தெரியாது என்று விட்டுவிடாதீர்கள். கிளைச் செயலாளரிடம் போங்கள்.

கேரளத்தைப் பாருங்கள். 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர்கள் சிலர் சிறிய அளவில் தொடங்கியதுதான். பிறகு ஊர் மக்களே, மாணவர்களும் இல்லத்தரசிகளும் சாதாரணத் தொழிலாளிகளும், பயிற்சி எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்து நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். 2008-இல் மாநில அரசாங்கமே இதற்கென்று கொள்கை வகுத்தது. அவர்களிடம் இருந்தது பணம் அல்ல, ஆள். நம்மிடம் ஆள் இல்லையா?

ஒவ்வொரு கிளையிலும் இரண்டு பெண்கள், இரண்டு இளைஞர்கள் முன்வரட்டும். தங்கள் வட்டாரத்தில் படுக்கையில் இருப்பவர் யார் என்று ஒரு பட்டியல் எழுதட்டும். வாரத்தில் ஒரு மதியம் போய் உட்கார்ந்து, பார்த்துக்கொள்கிற அந்தப் பெண்ணை, "நீ போய்க் குளிச்சிட்டுக் கொஞ்சம் படும்மா, நாங்க பாத்துக்கிறோம்" என்று அனுப்பட்டும். லயத்தில் சொல்லாமலே செய்த வேலைதான் இது.

அந்தப் பெரியம்மாவின் முனகலை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு ஞாபகம் வேண்டாம்.