முதியோரும் குரற்செய்தியும்

எழுத்தறியாத முதியோர் பலர், தூரதேசத்திலுள்ள தம் மக்களுக்குக் கடிதம் வரையப் பிறர் கையையே எதிர்நோக்கி வாழ்ந்தனர். எழுதுவோன்முன் சொல்லக் கூசியவை சொல்லப்படாமலே போயின. 2013ஆம் ஆண்டில் வாட்ஸ்அப்பில் வந்த குரற்செய்தி இக்குறையைத் தீர்க்க வல்லது. எழுத்தறிவில்லாதாரும், பார்வை மங்கியோரும் தம் சொல்லைத் தம் குரலிலேயே அனுப்பலாம்.

ஆயினும், இல்லங்களில் நாம் காண்பது யாது? பாட்டியார் ஓர் ஐயம் வினவியவுடன், பேரன் கைப்பேசியை வாங்கித் தானே யாவற்றையும் செய்து முடித்துவிடுகிறான். இஃது உதவியன்று, பழைய நிலைமையையே நீட்டித்தலாம்.

கருவி அவர் கையிலேயே இருத்தல் வேண்டும். மைக் குறியை அழுத்தியவண்ணம் பேசுக, விரலை எடுத்தால் செய்தி சென்றுவிடும் என்றே பலரும் கற்பிக்கின்றனர். நடுங்கும் விரலோ இடையில் நழுவும். பாதிப்பேச்சே போய்ச் சேரும். ஆதலின், அழுத்திய விரலை மேலே நகர்த்திப் பூட்டும் முறையையே முதலிற் கற்பித்தல் நன்று. அதன்பின் விரலை எடுத்துவிட்டு, நிதானமாய்ப் பேசி முடித்து, அம்புக்குறியைத் தொட்டாற் போதும். வங்கிக் கணக்கின் இரகசிய எண்ணை எவர் கேட்பினும் சொல்லலாகாதென்பதையும் உடன் உணர்த்துதல் நம் கடன்.

மாணவ நண்பர்களே! அவர் மறப்பின் மறுபடியும் சொல்லுவோம். நமக்குப் பேச்சுக் கற்பித்தோர், எத்தனை முறை சொன்னோமெனக் கணக்கிட்டாரல்லர். வரும் விடுமுறையில், நம் இல்லத்து முதியவர் ஒருவரேனும் நம் துணையின்றித் தம் செய்தியைத் தாமே அனுப்புமாறு செய்வோமாக.