கையொப்பம் இட மறுத்த இராசதந்திரி

ஓர் உடன்படிக்கையிற் கையொப்பம் இடுவதற்கு ஒரு நிமிடம் போதும். இட மறுப்பதற்கோ பல்லாண்டுக் கல்வியும் நெஞ்சுரமும் வேண்டும். சீன இராசதந்திரி கலாநிதி வெலிங்டன் கூவின் வரலாற்றை வாசிக்குந்தோறும் நமக்கு இவ்வெண்ணமே எழுவதுண்டு.

கூ 1888ஆம் ஆண்டிலே பிறந்து ஷங்காய் நகரில் வளர்ந்தவர். அந்நாளில் அந்நகரின் பெரும்பகுதி அந்நியர் ஆட்சியில் இருந்தது. சீன மண்ணிலே குற்றம் இழைத்த ஆங்கிலேயனையோ அமெரிக்கனையோ சீன நீதிமன்றம் விசாரிக்க இயலாது. அவனவன் நாட்டு மன்றமே விசாரிக்கும். இச்சிறுமையைக் கண்டு வளர்ந்த இளைஞர், அமெரிக்காவிற் கொலம்பியா சர்வகலாசாலையிலே சட்டமும் அரசியலும் பயின்று, 1912இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவர் ஆராய எடுத்த பொருள் யாது? சீனாவில் வாழும் அந்நியரின் சட்ட நிலை! நோயின் மூலத்தையே அவர் நாடிப் புகுந்தார் எனலாம். 1915இல் வாஷிங்டனிலே சீன ஸ்தானிகராகவும் அமர்ந்தார்.

முதலாம் உலக யுத்தம் முடிந்தது. 1919இற் பாரிஸ் நகரிலே சமாதான மகாநாடு கூடியது. சீனாவின் ஷாண்டுங் மாகாணத்துக் கியாச்சௌ குடாவை 1898இல் ஜேர்மனி 99 ஆண்டுக் குத்தகையாகப் பறித்திருந்தது. 1914இல் யப்பான் அதனைக் கைப்பற்றி, மறு ஆண்டு இறுதி எச்சரிக்கை விடுத்துச் சீனாவின் சம்மதத்தையும் வாங்கிக்கொண்டது. சீனாவோ 1917இல் நேசநாடுகளுடன் சேர்ந்தது. ஏறக்குறைய 140,000 சீனத் தொழிலாளர் ஐரோப்பாவிலே பதுங்குகுழி வெட்டியும் சுமை தூக்கியும் உழைத்தனர். தோற்ற ஜேர்மனியின் குத்தகை, மண்ணுக்கு உரியவரிடம் மீளுமா, யப்பானிடம் போகுமா என்பதே வழக்கு.

ஜனவரி 28ஆம் திகதி வல்லரசுத் தலைவர்கள் முன்னிலையிற் கூ எழுந்து பேசினார். ஷாண்டுங் கன்பூசியசும் மென்சியசும் பிறந்த புண்ணிய பூமி என்றார். அத்துடன் நிற்கவில்லை. யுத்தப் பிரகடனத்தோடு ஜேர்மனியின் குத்தகை அற்றுவிட்டது, மிரட்டிப் பெற்ற சம்மதம் சம்மதமாகாது என்று சட்டத்தால் நிறுவினார். கேட்டோர் வியந்து பாராட்டினர். ஆயினும் பாராட்டு வேறு, தீர்ப்பு வேறு. பிரித்தானியாவும் பிரான்சும் 1917இலேயே இரகசியமாக யப்பானுக்கு வாக்களித்திருந்தன; பீக்கிங் அரசாங்கமும் 1918இல் யப்பானுடன் தன் வழக்கையே கெடுக்கும் குறிப்பொன்றை மாற்றியிருந்தது. ஏப்ரல் 30இல் ஷாண்டுங் உரிமை யப்பானுக்கே வழங்கப்பட்டது. செய்தி எட்டியதும், மே 4ஆம் திகதி பீக்கிங் மாணாக்கர் வீதியில் இறங்கினர். சீனத்தின் புதிய சகாப்தம் அன்று தொடங்கியது.

ஷாண்டுங் பிரிவுகளை ஏற்காமற் கையொப்பம் இட அனுமதிக்குமாறு சீனப் பிரதிநிதிகள் வேண்டினர், மறுக்கப்பட்டது. பின்னொரு காலம் மறுபரிசீலனை கோரும் உரிமையையாவது விட்டுவைக்குமாறு கேட்டனர், அதுவும் மறுக்கப்பட்டது. ஜூன் 28ஆம் திகதி வெர்சாய் அரண்மனையிற் கையொப்பச் சடங்கு நடந்தபோது சீனருக்குரிய இரு ஆசனங்களும் வெறுமையாய்க் கிடந்தன.

இது வெறும் கோபமன்று. சர்வதேச சங்கத்தின் சாசனம் ஒஸ்திரிய உடன்படிக்கையிலும் அடங்கியிருந்தது. அதிலே செப்டெம்பரிற் கையொப்பம் இட்டுச் சீனா சங்கத்தில் இடம் பெற்றது. 1922 பெப்ரவரி 4ஆம் திகதி, வாஷிங்டன் மகாநாட்டிற் கூவும் சகாக்களும் பேசி முடித்த உடன்படிக்கையின்படி ஷாண்டுங் சீனாவுக்கே மீண்டது. அன்று கையொப்பம் இட்டிருந்தால், இவ்வழக்கை மீள எழுப்புவது எத்துணை அரிதாயிருக்கும்!

ஆயினும் சட்டத்தின் வரம்பையும் கூ கண்டார். 1931இல் யப்பான் மஞ்சூரியாவைக் கவர்ந்தது. ஜெனீவாவில் அவர் வாதாடினார். சங்கம் யப்பானின் செயலை ஏற்க மறுத்தது. யப்பான் சங்கத்தைவிட்டு வெளியேறியதேயன்றி, மஞ்சூரியாவைவிட்டு வெளியேறவில்லை. உள்நாட்டிலும் அவர் சேவித்த பீக்கிங் அரசாங்கங்கள் படைத்தலைவர்களின் தயவில் வாழ்ந்தவை.

1945 ஜூன் 26ஆம் திகதி சான்பிரான்சிஸ்கோவில் ஐக்கிய நாடுகள் சாசனம் கையொப்பத்துக்கு வைக்கப்பட்டது. ஆக்கிரமிப்புக்கு முதலிற் பலியான நாடென்று சீனாவுக்கு முதலிடம் அளித்தனர். ஐம்பது நாடுகளின் பிரதிநிதிகளுள் முதன்முதற் கையொப்பம் இட்டவர் கூ. சீனத் தூரிகையாலே தம் பெயரை எழுதினார். வெர்சாயின் வெற்று ஆசனங்களுக்கும் இத்தூரிகைக்கும் இடையே இருபத்தாறு ஆண்டுகள். இரண்டே நாட்கள் குறைவு.

1949இற் சீனா இரண்டுபட்டது. கூ தாய்வான் அரசாங்கத்தின் ஸ்தானிகராக 1956 வரை வாஷிங்டனில் இருந்தார். 1957 முதல் 1967 வரை ஹேக் நகரிலே சர்வதேச நீதிமன்ற நீதிபதியாக விளங்கினார். 1985இல் நியூயோர்க்கிற் காலமானார். அவர் சார்ந்த கட்சியை ஏற்போரும் ஏற்காதோரும் உளர். நாம் மாணாக்கருக்குச் சுட்ட விரும்புவது வேறொன்று. பாரிஸ் மண்டபத்தில் அவருக்குப் பின்னே கப்பற்படையும் இல்லை, உறுதியான அரசாங்கமும் இல்லை; கற்ற கல்வியே துணையாய் நின்றது. அக்கல்வியால் எதனை ஏற்பது, எதனை மறுப்பது என்று அவர் தெளிந்திருந்தார். பரீட்சைக்கென்று மட்டும் படிக்கும் நம் பிள்ளைகள் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக.