எடிட் செய்யும் ஃபைல்களை எதில் வைப்பது: நெட்வொர்க் ஸ்டோரேஜா, நேரடி டிரைவா?

ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால் எஸ்.எஸ்.டி. விலை எகிறியிருக்கிறது. பொதுமக்களுக்கு விற்றுவந்த 'குரூஷியல்' பிராண்டையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது மைக்ரான் நிறுவனம். இந்த நேரத்தில் தேவைக்குப் பொருந்தாத டிரைவை வாங்கினால் பணமும் போகும், வேலையும் இழுக்கும். வீடியோ எடிட்டர்கள், போட்டோகிராபர்கள், சின்ன ஸ்டூடியோக்கள் எதை வாங்கலாம்?

என்ன வித்தியாசம்?

யு.எஸ்.பி. கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் செருகுவது நேரடி டிரைவ். செருகிய கம்ப்யூட்டருக்குத்தான் அது பயன்படும். ரவுட்டரில் இணைத்துவிட்டால் பலரும் ஒரே நேரத்தில் ஃபைல்களைத் திறக்கலாம் என்பது நெட்வொர்க் ஸ்டோரேஜ், அதாவது 'நாஸ்'.

வேகம் எப்படி?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நாஸுக்குள் எவ்வளவு வேகமான டிரைவ் போட்டாலும், சாதாரண 1 ஜிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு சுமார் 110 எம்.பி.தான் வரும். 10 ஜிகாபிட் யு.எஸ்.பி. எஸ்.எஸ்.டி.யோ சுமார் 1,000 எம்.பி. தரும். 100 ஜி.பி. வீடியோவை காப்பி செய்ய நாஸில் கால் மணி நேரம் ஆகும், எஸ்.எஸ்.டி.யில் 2 நிமிடம் போதும்.

நெட்வொர்க்கையும் 10 ஜிகாபிட்டாக மாற்றலாமே? மாற்றலாம். ஆனால் நாஸ், சுவிட்ச், கம்ப்யூட்டர் மூன்றுமே அந்த வேகத்துக்கு ஏற்றதாக இருக்கணும். செலவு கூடும்.

நாஸில் போட்டால் பத்திரமா?

ஒரே ஃபைலை இரண்டு டிஸ்க்கில் எழுதும் 'ரெய்டு' முறை, ஒரு டிஸ்க் பழுதானால் கைகொடுக்கும். நீங்களே தவறுதலாக டெலீட் செய்தாலோ, ரான்சம்வேர் புகுந்தாலோ இரண்டிலும் சேர்ந்தே போய்விடும்.

2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'மை புக் லைவ்' நெட்வொர்க் டிரைவ்களுக்குள் ஹேக்கர்கள் இணையம் வழியாகப் புகுந்து ரீசெட் செய்தனர். பலர் பல வருடங்களாகச் சேர்த்த ஃபைல்களை இழந்தனர். அந்த டிரைவுக்கு 2015-க்குப் பிறகு அப்டேட்டே வந்திருக்கவில்லை.

அப்போ எதை வாங்குவது?

* தனியாக எடிட் செய்பவர்: வேலைக்கு ஒரு எஸ்.எஸ்.டி., பேக்கப்புக்கு விலை குறைந்த ஒரு ஹார்ட் டிஸ்க் போதும். நாஸ் அவசியமில்லை.
* நாலு பேர் சேர்ந்து வேலை செய்யும் இடம்: நாஸ் வாங்கலாம். ஆனால் எடிட்டிங்கை அவரவர் எஸ்.எஸ்.டி.யில் செய்துவிட்டு, அன்றைய வேலை முடிந்ததும் நாஸுக்கு மாற்றுவது நல்லது.
* எதை வாங்கினாலும்: இன்னொரு காப்பியைக் கேபிளைக் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். ஹேக்கரால் தொட முடியாத காப்பி அதுதான்.