பெயர் அப்புறம்... முதலில் பார்!



அறிவியல் போட்டி என்றதும் உங்களில் பலர் என்ன செய்கிறீர்கள்? புத்தகத்தைத் திறந்து, படத்தைப் பார்த்து, பெயரை உருப்போடத் தொடங்கிவிடுகிறீர்கள். தொல்லுயிர் எச்சங்களை அடையாளம் காணும் போட்டியில் அந்த வித்தை பலிக்காது. புத்தகத்துச் சிப்பி முழுசாகப் பளிச்சென்று இருக்கும். போட்டி மேசையில் இருப்பதோ பாதி உடைந்து, மண் ஒட்டிய ஒரு கல். அப்போது மனப்பாடம் கைவிட்டுவிடும்.

அமெரிக்க மாணவர்களுக்கான 'சயின்ஸ் ஒலிம்பியாட்' போட்டியில் இதற்கென ஒரு பிரிவு நடத்தப்பட்டிருக்கிறது. அதில் மாணவர்கள் தாங்களே தயாரித்த குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விடை எழுதலாம். நினைவாற்றலை விட, கண்ணுக்கும் புத்திக்கும்தான் அங்கே பரீட்சை!

எப்படிப் பார்ப்பது? இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிடுங்கள். வலது கை இடது கையின் கண்ணாடிப் பிம்பம் போல இருக்கிறது அல்லவா? பெரும்பாலான சிப்பிகளின் இரண்டு ஓடுகளும் அப்படித்தான். ஆனால் ஒரே உள்ளங்கையின் நடுவே கோடு போட்டால், கட்டைவிரல் பக்கமும் சுண்டுவிரல் பக்கமும் ஒன்றாக இராது. சிப்பி ஓடும் அப்படியே. 'பிராக்கியோபாடு' என்ற கடல் உயிரி இதற்கு நேர்மாறு. அதன் ஒவ்வொரு ஓடும் நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஒத்திருக்கும். மேல் ஓடும் கீழ் ஓடும்தான் வேறுபடும். இந்த ஒரு சூட்சுமம் தெரிந்தால் போதும், பலரும் தடுமாறும் கேள்விக்கு நீங்கள் தயங்காமல் விடை சொல்லலாம்.

நத்தை போலச் சுருண்ட 'அம்மோனைட்' இன்னொன்று. டைனோசர்கள் அழிந்த காலத்தில், அதாவது சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், அதுவும் அழிந்தது. பூஜை அறையில் வைக்கும் சாளக்கிராமக் கல்லில் தெரியும் சுருளும் அம்மோனைட்டின் தடம்தான். அதன் உறவான நாட்டிலஸ் இன்றும் கடலில் வாழ்கிறது. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? உள் அறைகளின் சுவர் ஓட்டைத் தொடும் கோட்டைப் பாருங்கள். நாட்டிலஸில் அது எளிய வளைகோடு. அம்மோனைட்டில் இலை விளிம்பு போல நெளிநெளியாக இருக்கும்.

இதெல்லாம் போட்டிக்கு மட்டும்தானா? இல்லை. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் தோண்டியபோது பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. 'டைனோசர் முட்டை!' என்று செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. வல்லுநர்கள் வந்து பார்த்தார்கள். அவை முட்டைகள் அல்ல, அம்மோனைட் போன்ற கடல் உயிர்களோடு தொடர்புடைய, உருண்டையாக இறுகிய படிவுகள் என்றார்கள். முட்டை என்றால் மெல்லிய ஓடும், அதில் நுண்துளைகளும் இருக்க வேண்டும். உருண்டையாக இருந்தால் மட்டும் போதுமா? நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர் வதந்திக்கு மயங்க மாட்டார்.

அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது. அங்கே சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் ஒன்று கிடக்கிறது. 1940இல் அதைப் பற்றி உலகுக்குச் சொன்னவர் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன். கடல் படிவுகளுக்கு நடுவே மரம் எப்படி வந்தது? கரையிலிருந்து நீரில் அடித்து வரப்பட்டுக் கடலடியில் புதைந்திருக்கிறது. அது கிடக்கும் இடம்தான் இந்தக் கதையை நமக்குச் சொன்னது. அதை யாராவது பெயர்த்து வேறு ஊருக்குக் கொண்டுபோயிருந்தால்? கதை போயிருக்கும், வெறும் கல்தான் மிஞ்சியிருக்கும்.

ஆகவே, சாத்தனூருக்கோ விழுப்புரம் மாவட்டத் திருவக்கரைக்கோ சுற்றுலா போனால், 'ஒரு துண்டுதானே' என்று பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆளுக்கு ஒரு துண்டு எடுத்தால், உங்கள் தம்பி தங்கைகள் பார்க்க என்ன மிஞ்சும்? பென்சிலால் படம் வரையுங்கள். அளவு, நிறம், கிடந்த இடம், பக்கத்தில் என்ன இருந்தது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயரைக் கடைசியில் எழுதுங்கள். தெரியாவிட்டால் கேள்விக்குறி போடுங்கள்; அதில் வெட்கம் எதற்கு?

அந்தக் குறிப்பேடு போட்டிக்கும் உதவும். போட்டி முடிந்த பிறகும் உங்களோடு இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்