மைனரின் நிலத்துக்கு உள்ள அவகாசம்

மாண்புமிகு ஒன்றியச் சட்ட அமைச்சர் அவர்களுக்கு,



பத்து வயதுச் சிறுமியின் பெயரில் உள்ள நிலத்தை, நீதிமன்ற அனுமதி வாங்காமல் அவள் அப்பாவே விற்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கிரயத்தை எதிர்த்து வழக்குப் போட அவளுக்கு எதுவரை அவகாசம்? மேஜரான நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் என்கிறது 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். அதாவது 21 வயது வரை. குழந்தையால் தானாகக் கோர்ட்டுக்கு வர முடியாது, காப்பாற்ற வேண்டியவரே கைவிட்டிருக்கலாம் என்பதெல்லாம் அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதே சிறுமிக்கு, அதே வயதில், வீட்டுக்கு வந்துபோகும் உறவினர் ஒருவர் ஆபாசப் படம் காட்டுகிறார். அம்மாவிடம் சொன்னால் உன் படத்தை ஊரெல்லாம் பரப்புவேன் என்று மிரட்டுகிறார். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி இது பாலியல் துன்புறுத்தல். 12-ஆம் பிரிவு இதற்கு மூன்று ஆண்டுகள் வரை சிறை என்கிறது. மூன்று ஆண்டுகள் வரை மட்டுமே தண்டனை உள்ள குற்றத்தை, அது நடந்து மூன்று ஆண்டுகள் கடந்தபின் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்கக் கூடாது என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514-ஆம் பிரிவு. ஆக, அவள் ஏழாம் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருக்கும்போதே, தனக்கு நடந்தது குற்றம் என்று புரியும் முன்பே, கெடு முடிந்துவிடுகிறது. நிலத்துக்கு 21 வயது வரை காத்திருக்கும் சட்டம் இவளுக்காக 13 வயதோடு நின்றுவிடுவது என்ன நியாயம்?

குழந்தைகள் உடனே சொல்ல மாட்டார்கள் என்பது அரசுக்குத் தெரியாத செய்தி அல்ல. மகளிர் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகமே 2007-இல் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டு ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 53.22 சதவீதக் குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள். செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவில்லை. சித்தப்பாவைப் பற்றியோ டியூஷன் மாஸ்டரைப் பற்றியோ வாய் திறக்க, அந்த வீட்டை விட்டு வெளியேறி, சொந்தச் சம்பளத்தில் நிற்கும் வயது வர வேண்டியிருக்கிறது.

2018 அக்டோபரில் உங்கள் அமைச்சகம் ஒரு கருத்து தந்தது. போக்சோவின் 19-ஆம் பிரிவின்கீழ் புகார் கொடுக்கக் காலவரம்பு எதுவும் இல்லை என்றது. எத்தனையோ பேருக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அந்தக் கருத்து புகாரைப் பற்றியது. புகாரைப் போலீஸ் வாங்கிக்கொண்டாலும், கோர்ட்டில் 514 குறுக்கே நிற்கிறது. அமைச்சகத்தின் கருத்து நீதிபதியைக் கட்டுப்படுத்தாது.

கடுமையான குற்றங்களுக்கு இந்தக் காலவரம்பு இல்லை என்பது உண்மைதான். ஆனால் 2012 நவம்பரில் போக்சோ நடைமுறைக்கு வருவதற்கு முன் குழந்தையாக இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அன்று சிறுமியைத் தகாத முறையில் தொட்டவன்மீது பெரும்பாலும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 354-ஆம் பிரிவுதான் பாய்ந்தது. 2013 திருத்தம் வரை அதற்கு அதிகபட்சத் தண்டனையே இரண்டு ஆண்டுகள். அந்த வழக்குகளுக்கும் அதே மூன்று ஆண்டுக் கெடுதான். அவர்களில் பலர் இன்று முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருக்கும் பெண்கள்.

தாமதத்துக்குத் தக்க விளக்கம் இருந்தால், அல்லது நீதியின் பொருட்டுத் தேவை என்றால், நீதிமன்றம் கெடுவைத் தாண்டியும் ஏற்கலாம் என 519-ஆம் பிரிவு இருக்கிறதே என்று அதிகாரிகள் உங்களிடம் சொல்லக்கூடும். அது உரிமை அல்ல, நீதிபதி மனம்வைத்தால் கிடைக்கும் இடம். பத்து வயதில் ஏன் பேசவில்லை என்று இன்னொரு முறை அவளைக் கூண்டில் நிற்க வைக்கும் வழி.

காலம் கடந்தால் சாட்சியம் மங்கும், குற்றம் சாட்டப்பட்டவர் தன் தரப்பை நிறுவுவது கடினம் என்ற வாதத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. அது சாட்சியத்தை எடைபோடும்போது பார்க்க வேண்டியது. போதாவிட்டால் நீதிமன்றம் விடுதலை செய்யட்டும். கேட்கவே மறுப்பது வேறு. ஜெர்மனியில் இத்தகைய குற்றங்களுக்குப் பாதிக்கப்பட்டவர் 30 வயதை எட்டும்வரை காலக்கணக்கு தொடங்குவதில்லை. பிரான்சில் சிறார் மீதான வன்புணர்வுக்கு, மேஜரான பின் 30 ஆண்டுகள். அங்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உரிமைகள் உண்டு.

2019-இல் போக்சோவைத் திருத்தித் தண்டனைகளைக் கூட்டினார்கள், மரண தண்டனைவரை சென்றார்கள். 2023-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தையே புதிதாக எழுதினார்கள். 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 468-ஆம் பிரிவு, புதிய சன்ஹிதாவில் 514 ஆனது. கெடு அப்படியே இருக்கிறது.

நடைமுறைச் சட்டம் உள்துறையிடமும் போக்சோ மகளிர் குழந்தைகள் மேம்பாட்டுத் துறையிடமும் இருப்பதை அறிவேன். 2018-இல் கருத்துச் சொன்னது உங்கள் அமைச்சகம் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன். குற்றம் நடந்தபோது பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்கு உட்பட்டவராக இருந்தால் 514-ஆம் பிரிவு பொருந்தாது என ஒரு விதிவிலக்கைச் சேர்க்கும் திருத்த மசோதாவை, அந்த இரு துறைகளையும் கலந்து, அடுத்த கூட்டத்தொடரில் கொண்டுவர முன்கை எடுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு குடிமகள்